அக்டோபர் கடைசியில் எடின்பரோ, ரிபிள்ஹெட், கிளென்கோ: கேமராவோடு போகிறேன், யோசனை சொல்லுங்கள்

நெல்லைக்காரி | செப்டம்பர் 12, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அக்கா லீட்ஸில் இருக்கிறாள். அக்டோபர் பிற்பாதியில் நானும் என் கணவரும் அங்கே போகிறோம். கையில் இருப்பது ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, 18-135 ஜூம் லென்ஸ் (18 அகலமான காட்சிக்கு, 135 தூரத்தை இழுக்க), அப்புறம் குறைந்த வெளிச்சத்துக்கு ஒரு 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். எடையான ட்ரைபாட் ஒன்றும் இருக்கிறது, கொண்டு வரலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

எழுதி வைத்திருக்கும் பட்டியல்: எடின்பரோ கோட்டை, ஸ்காட் நினைவுச் சின்னம், யார்க் மின்ஸ்டர் தேவாலயம், ஷாம்பிள்ஸ் தெரு, ரிபிள்ஹெட் ரயில் பாலம், லேக் டிஸ்ட்ரிக்ட், கிளென்கோ பள்ளத்தாக்கு, ஸ்கை தீவு, கிளென்ஃபின்னன் ரயில் பாலம், லிவர்பூல், லண்டன். கூடவே பழைய பப்களின் உட்புறத்தைப் படம் எடுக்க ரொம்ப ஆசை. மரவேலைப்பாடு, பூவேலைக் கண்ணாடி, பித்தளை எல்லாம் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். ஆனால் நாங்கள் இருவரும் குடிக்க மாட்டோம். கேமராவோடு உள்ளே போனால் ஏதாவது சொல்வார்களா? அந்த மாதத்தில் வானமும் சாம்பல் நிறமாகவே இருக்கும் என்கிறாள் அக்கா. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லீட்ஸ்வாசி | செப்டம்பர் 12, இரவு 10:25

முதலில் அந்தப் பட்டியலில் பாதியை அடியுங்கள். ஸ்கை, லிவர்பூல், லண்டன் மூன்றும் மூன்று மூலை. எல்லா இடத்துக்கும் போனால் எல்லா இடத்திலும் நண்பகல் வெளிச்சத்தில்தான் நிற்பீர்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கு முந்தின நாள்வரை எடின்பரோவில் சூரியன் காலை 8 மணி வாக்கில் உதித்து மாலை 5:45 வாக்கில் மறையும். மறுநாளிலிருந்து உதயம் 7 மணி, அஸ்தமனம் 4:40 என்று ஆகிவிடும். காலை வெளிச்சம் பிடிக்க அரக்கப் பரக்க எழ வேண்டாம் என்பது இந்த மாதத்தில் கிடைக்கும் பெரிய வரம். ஜூனில் வந்தால் விடியற்காலை நாலரைக்கே மலையேற வேண்டியிருக்கும். ஆனால் மாலை சட்டென்று முடிந்துவிடும், மதியச் சாப்பாட்டில் நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

லீட்ஸிலிருந்து ரிபிள்ஹெட்டுக்கு நேர் ரயில் இருக்கிறது, சுமார் ஒன்றேகால் மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பாலம். 24 வளைவுகள், சுமார் 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம், 1870களின் முதல் பாதியில் கட்டியது. பாலம் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. அதனால் காலையில் கிழக்குப் பக்கம் நின்றால் கல் முழுக்க வெயில் விழும், பின்னால் வெர்ன்சைட் மலை. மாலையில் போகிறவர்கள் மறுபக்கம் சுற்றிப் போக வேண்டும்.

இன்னொன்றைக் கவனித்துப் பாருங்கள். ஆறு தூணுக்கு ஒரு தூண் மற்றவற்றைவிடப் பருமனாக இருக்கும். ஒரு வளைவு இடிந்தால் மொத்தப் பாலமும் வரிசையாகச் சரிந்துவிடாமல் அந்தத் தூணோடு நிற்கட்டும் என்று அப்படிக் கட்டினார்கள். அடியில் போய் நின்று 135இல் இழுத்து எடுத்தால் மெல்லிய தூண்கள் வரிசையாக வந்து, நடுவில் ஒரு தடித்த தூண் வந்து, ஒரு தாளம் கிடைக்கும். எல்லோரும் 18இல் மொத்தப் பாலத்தையும் அடக்கி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அந்தப் படம் அஞ்சலட்டையிலேயே இருக்கிறது.

பழையகல் | செப்டம்பர் 13, காலை 7:15

எடின்பரோவுக்கு நான் சொல்கிறேன். இரண்டு இடம் போதும்.

ஒன்று வெனல் படிக்கட்டு. கிராஸ்மார்க்கெட்டிலிருந்து தெற்கே ஏறும் குறுகலான படிச்சந்து. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் இரண்டு சுவர்களுக்கு நடுவே கோட்டை நிற்கும். பக்கத்திலேயே 1513 போருக்குப் பிறகு எழுப்பிய நகர மதிலின் மிச்சமும் இருக்கிறது. நீங்கள் வடக்கு நோக்கி நிற்பதால் அக்டோபர் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து கோட்டை முகத்தில் விழும். பகல் 11 மணிக்குப் போனாலும் நல்ல வெளிச்சம்தான்.

இரண்டாவது கால்டன் குன்று. அங்கே நின்றால் முன்னால் டூகல்ட் ஸ்டூவர்ட் நினைவு மண்டபம், பின்னால் ஊர், கடைசியில் கோட்டை. காலையில் போனால் கிழக்கு வெயில் ஊர் முழுக்க விழுந்து ஒவ்வொரு புகைபோக்கியும் தனியாகத் தெரியும். அக்டோபர் கடைசியில் மாலையில் சூரியன் கோட்டைக்குச் சற்று வலப்பக்கமாக இறங்கும், ஆகவே நிழலுருவப் படம். இந்த அமைப்பு ஆண்டு முழுக்கக் கிடைக்காது. ஜூனில் சூரியன் வெகுதூரம் வடமேற்கே போய்விடும்.

சாம்பல் வானம் என்று அக்கா சொன்னதற்குப் பயப்பட வேண்டாம். ஸ்காட் நினைவுச் சின்னம் 61 மீட்டர், 1844இல் கட்டி முடித்தது, இன்று கன்னங்கரேல் என்று இருக்கிறது. ஊர்ப் புகைபோக்கிகளும் பக்கத்து ரயில்களும் கக்கிய கரி அந்த மணற்கல்லில் ஏறிவிட்டது. சுத்தம் செய்தால் கல்லே பெயர்ந்துவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறார்கள். 1990களின் கடைசியில் பழுதான இடங்களில் மட்டும் புதுக்கல் வைத்தார்கள். 135இல் இழுத்துப் பாருங்கள், கறுப்புக்கு நடுவே வெளிர்நிறத் துண்டுகள் தெரியும். வெயிலில் இதை எடுத்தால் ஒன்று வானம் வெளுத்துப் போகும், இல்லை கல் மொத்தமும் கரிக்கட்டையாகிவிடும். மேகமூட்டமான நாளில், வானத்தை ஃபிரேமுக்குள் விடாமல், நெருங்கி எடுங்கள். மழை பெய்து ஓய்ந்த நேரம் இன்னும் நல்லது, ஈரக்கல் வரிகளைக் காட்டும்.

கால்டன் குன்றுக்கு ஏறும்போது ராக் ஹவுஸ் என்ற வீட்டைக் கடந்து போவீர்கள். டேவிட் ஆக்டேவியஸ் ஹில், ராபர்ட் ஆடம்சன் இருவரும் 1843 முதல் படம் எடுத்த இடம் அது. புகைப்படக் கலை பிறந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. காகித நெகட்டிவ், வெளிச்சம் அவ்வளவு வேண்டும் என்பதால் எல்லாமே வெட்டவெளியில் எடுத்தவை. ‘எடின்பரோ ஏல்’ என்று ஒரு படம், மூன்று பேர் பீர் கோப்பையோடு உட்கார்ந்து சிரிக்கிறார்கள், அதில் ஒருவர் ஹில்லேதான். அதுவும் வெளியே நாற்காலி போட்டு எடுத்ததுதான். நீங்களோ ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200க்கு ஏற்றி இருட்டு பப்புக்குள்ளேயே எடுத்துவிடுவீர்கள். ஆடம்சன் 1848 தொடக்கத்தில் 26 வயதில் இறந்துபோனார். அந்தச் சில வருடத்தில் செய்த வேலையைப் பார்த்தால் நமக்கெல்லாம் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

வன்னிமகன் | செப்டம்பர் 13, மாலை 6:50

தங்கச்சி, பப் விசயம் நான் சொல்றன். நான் லண்டனில இருக்கிறன், குடிக்கிறதும் இல்லை, ஆனா பழைய பப் எண்டா விடமாட்டன்.

குடிக்காதவர்கள் உள்ளே போவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் ஒன்றும் வாங்காமல் கமராவை மட்டும் தூக்கிக்கொண்டு திரிந்தால் யாருக்கும் பிடிக்காது. கவுண்டருக்குப் போங்கோ, லைம் சோடாவோ ஜிஞ்சர் பியரோ தேநீரோ வாங்குங்கோ. மேசையில் உட்கார்ந்தால் வந்து கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம், பெரும்பாலான பப்களில் நாமே போய்க் கேட்டு, காசு கொடுத்து வாங்கி வர வேண்டும். வாங்கும்போதே, “நல்ல வடிவாயிருக்கு உங்கட இடம், ரெண்டு படம் எடுக்கலாமோ, ஆக்கள் விழாம எடுப்பன்” என்று கேட்டுவிடுங்கோ. மாட்டேன் என்று சொன்னவர்கள் எனக்குக் குறைவு. சில மதுபான நிறுவனங்களின் பப்களில் போன் எடுப்பதே தடை, வாசலில் பலகை இருக்கும், அதை வாசித்துவிட்டுப் போங்கோ. பிள்ளைகளோடு போவதென்றால் சில இடத்தில் பின்னேரத்துக்குப் பிறகு விடமாட்டார்கள்.

நேரம்தான் முக்கியம். வாரநாளில் திறந்த உடனே போங்கோ. ஆள் இருக்காது, மேசை துடைத்துப் பளபளவென்று இருக்கும், ஜன்னல் வெளிச்சமும் உள்ளே வரும். வெள்ளி பின்னேரம் போனால் முதுகுகள்தான் படத்தில் வரும்.

எடின்பரோவில் கஃபே ராயல் போங்கோ. நடுவில் வட்டமான பெரிய பார், சுவரில் டோல்ட்டன் நிறுவனம் செய்த பீங்கான் ஓட்டுச் சித்திரங்கள். ஜேம்ஸ் வாட், ஃபாரடே போன்ற கண்டுபிடிப்பாளர்கள். ஓட்டில் விளக்கு பிரதிபலிக்கும், நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று போலரைசரை (பளபளப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் வடிகட்டி) திருப்பிப் பாருங்கோ. முழுக்கப் போகாது, பாதி குறையும்.

லண்டன் வந்தால் பிளாக்ஃபிரையர். 1905 வாக்கில் உள்ளே முழுக்கப் பளிங்கு, செம்பு, துறவிகளின் சிற்பம் என்று இழைத்தார்கள். 1960களில் இடிக்கப் பார்த்தபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். ஹோல்போர்னில் பிரின்சஸ் லூயிஸ், பீங்கான் ஓடுகளும் முகக்கண்ணாடிகளும் நிறைந்த இடம். எங்கு திரும்பினாலும் நீங்களே படத்துக்குள் நிற்பீர்கள், அதனால் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து மட்டும் எடுங்கோ. அங்கே உள்ள மரத் தடுப்புகளில் பல 2000களில் பழைய மாதிரியில் திரும்பச் செய்து வைத்தவை. கேட்காவிட்டால் யாருக்கும் தெரியாது, அவ்வளவு நேர்த்தி.

சும்மாசுத்தி | செப்டம்பர் 13, இரவு 8:05

நாட்டிலேயே பழைய பப் நாட்டிங்ஹாமில் இருக்கிறதாமே, 1189 என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. அது பட்டியலில் இல்லையே?

பழையகல் | செப்டம்பர் 13, இரவு 8:30

சுவரில் எழுதியவர்களிடம் பத்திரம் கேட்டால் காட்ட மாட்டார்கள். “மிகப் பழைய பப்” என்று எழுதி வைத்திருக்கும் இடங்கள் ஊருக்கு ஒன்று உண்டு. நாட்டிங்ஹாம் பப்பின் கட்டடம் 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தியது இல்லை. ஆனாலும் போகலாம், கோட்டைப் பாறையைக் குடைந்த மணற்கல் குகைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆண்டை நம்பிப் போக வேண்டாம், பாறைக்காகப் போங்கள்.

பழைய உட்புறம் நிஜமாகவே மாறாமல் இருக்கும் பப்களுக்குக் ‘காம்ரா’ என்ற அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 1971இல் பீருக்காகத் தொடங்கிய இயக்கம், ஆனால் படம் எடுக்கிறவர்களுக்குத்தான் அந்தப் பட்டியல் ரொம்ப உதவும். லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக் டைனிங் ரூம்ஸ் அதில் உண்டு. 2020இல் அந்தக் கட்டடத்தை முதல் தரப் பாதுகாப்புக்கு உயர்த்தினார்கள். ஆண்கள் கழிப்பறையின் பளிங்குத் தொட்டிகள்வரை பிரபலம், அதையும் படம் எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். என்ன சொல்ல.

நெல்லைக்காரி | செப்டம்பர் 14, காலை 10:10

கழிப்பறைப் படத்தை என் கணவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன் :)

வன்னிமகன் அண்ணை, பப்புக்குள் என்ன செட்டிங் வைப்பீர்கள்? இங்கே ஒரு பழைய காப்பிக் கடையில் எடுத்துப் பார்த்தேன், படத்தில் கோடு கோடாக வந்தது. இன்னொன்று, உயரமான கட்டடம் எடுத்தால் பின்னால் சாய்ந்த மாதிரி வருகிறதே, அதற்கு என்ன செய்வது?

வன்னிமகன் | செப்டம்பர் 14, மதியம் 1:20

கோடு விழுவது எல்ஈடி விளக்கு துடிப்பதால். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் அது கூடுதலாகத் தெரியும், மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கோ. இங்கேயும் மின்சாரம் உங்கட ஊர் மாதிரி 50 ஹெர்ட்ஸ்தான், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும். 35 எம்எம்மில் எஃப் 2, 1/50, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ட்ரைபாட்டும் பப்புக்குள் விரிக்காதீர்கள், தட்டோடு நடக்கிற பிள்ளைகள் காலில் தட்டுப்படும். மேசையிலோ தூணிலோ முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கோ.

வைட் பேலன்ஸ் (படத்தின் நிறச் சமன்) ஆட்டோவில் விட்டால் பப் ஆஸ்பத்திரி மாதிரி வெளுத்துவிடும். 3800, 4000 கெல்வின் வாக்கில் பூட்டி வைத்தால் விளக்கின் மஞ்சளும் நிற்கும், ஜன்னல் பக்கம் லேசான நீலமும் நிற்கும். எனக்கு அந்த இரண்டு நிறமும் சேர்ந்து இருப்பதுதான் பிடிக்கும்.

முழு அறையை எடுத்த பிறகு ஒரு பொருளிடம் போங்கோ. மைடா வேலில் பிரின்ஸ் ஆல்ஃப்ரெட் என்று ஒரு பப், பாரின் மேல் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிப் பலகைகள். பூ வரைந்த மங்கல் கண்ணாடி, ஒவ்வொன்றும் பித்தளைக் கீலில் சுழலும். விக்டோரியா காலத்துப் பணக்காரர் தன் முகம் பரிசாரகருக்கும் எதிர்ப் பக்கத்தாருக்கும் தெரியாமல் குடிக்கச் செய்த ஏற்பாடு. ஒரு பலகையைப் பாதி திருப்பி, இடுக்கு வழியாக எதிர்ப் பக்க விளக்கு தெரிகிற மாதிரி எடுத்துப் பாருங்கோ.

ரா_ஃபைல் | செப்டம்பர் 14, மாலை 4:45

கட்டடம் சாய்வது நீங்கள் கேமராவை மேலே தூக்குவதால். கேமராவைத் தரைக்கு மட்டமாகப் பிடித்தால் சுவர் நேராக நிற்கும், ஆனால் கீழே தரை நிறைய வரும். செங்குத்தாகப் பிடித்து, கொஞ்சம் பின்னால் நகர்ந்து, அகலமாக எடுத்துவிட்டு அப்புறம் தரையை வெட்டுங்கள். மீதியை லைட்ரூம் மென்பொருளில் நிமிர்த்தலாம், ஓரங்களில் வெட்டுப்படும் என்பதால் நாலு பக்கமும் இடம் விட்டு எடுங்கள். முழுக்க நேராக்கினால் கட்டடம் மேலே விரிந்தது போல ஒரு மாயை வரும், ஒரு துளி சாய்வு இருக்கட்டும்.

வானத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு? இப்போது ஒரே கிளிக்கில் வானத்தை மாற்றிவிடலாம். நான் எடின்பரோ படத்துக்கு ஊட்டி மாலை வானம் ஒட்டியிருக்கிறேன், இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. இது ஏமாற்று என்று யாராவது வருவதற்கு முன்னே சொல்லிவிடுகிறேன்: 1850களிலேயே குஸ்தாவ் லு கிரே கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து ஒட்டினார்.

பழையகல் | செப்டம்பர் 14, மாலை 5:30

உங்கள் படத்தைப் பார்த்தேன், போன மாதம் இங்கேதான் போட்டிருந்தீர்கள். வெனல் படிக்கட்டில் நின்று எடுத்தது, கோட்டைக்குப் பின்னால் செக்கச்செவேல் என்று சூரியன் மறைகிறது. அங்கே நின்றால் பார்ப்பது வடக்கு. வடக்கே எந்த ஊரில் ஐயா சூரியன் மறைகிறது? போதாக்குறைக்குச் சுவர் நிழல் எல்லாம் நண்பகல் நிழல்.

லு கிரே காலத்துத் தகடு நீலத்துக்குக் கூடுதலாகக் கூசும். கடலுக்கு வேண்டிய நேரம் திறந்து வைத்தால் வானம் வெளுத்துவிடும். கண்ணால் பார்த்ததைத் தகட்டால் பிடிக்க முடியாததால் இரண்டாக எடுத்தார். உங்கள் கேமராவுக்கு அந்தக் குறை கிடையாது.

ரா_ஃபைல் | செப்டம்பர் 14, மாலை 5:52

படம் அழகாக இருந்தால் போதும். பார்க்கிறவன் திசைகாட்டி வைத்துக்கொண்டா பார்க்கிறான்? கல்யாண ஆல்பத்தில் தோலை வெளுக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை.

பழையகல் | செப்டம்பர் 14, மாலை 6:10

நான் அதற்கும் வாய் திறப்பவன்தான். உங்கள் சுவரில் மாட்ட எதை வேண்டுமானாலும் ஒட்டுங்கள். இடத்தின் பெயர் போட்டு இங்கே வெளியிட்டால், அதைப் பார்த்து ஒருவர் மாலை முழுக்க அந்தப் படிக்கட்டில் நின்று ஏமாறுவார். இந்த இழையைத் தொடங்கியவரே அப்படி நின்றிருப்பார்.

நெறியாளர் | செப்டம்பர் 14, மாலை 6:30

வானம் ஒட்டலாமா என்பதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன், சண்டை அங்கே. இங்கே பயணத்தைப் பற்றி மட்டும்.

சும்மாசுத்தி | செப்டம்பர் 14, இரவு 9:00

கேமராவே இல்லாமல் போனை வைத்தே சுற்றுகிறவன் என்ற முறையில் ஒரு கேள்வி. தெருவில் கட்டடங்களை எடுக்க அனுமதி எதுவும் வேண்டாமா? ட்ரோன்?

லீட்ஸ்வாசி | செப்டம்பர் 14, இரவு 10:15

பொது இடத்தில் நின்று கட்டடத்தை எடுக்க அங்கே தடையில்லை, 1988 காப்புரிமைச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. பப், தேவாலயம், கோட்டை உட்புறம் எல்லாம் அவரவர் விதி. ட்ரோனை ஊரிலேயே வைத்துவிட்டு வருவது நிம்மதி. நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் நிலங்களில் பறக்கவிட விடமாட்டார்கள்.

நெல்லைக்காரி, கிளென்கோவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வாடகைக் கார் எடுங்கள். நம்மூர் உரிமம் அங்கே ஒரு வருடம் செல்லும், வண்டி ஓட்டுவதும் இடப்பக்கம்தான். ஏ82 சாலையில் போகும்போது புவாச்சல் எட்டிவ் மோர் மலை திடீரென்று எதிரே கூம்பாக எழும்பும், 1000 மீட்டருக்கு மேல். அடியில் லகன்கார்வ் என்ற வெள்ளை வீடு தனியாக நிற்கும். எல்லோரும் அந்த வீட்டை நடுவில் வைத்து எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள், தப்பில்லை. அதன் பிறகு கிளென் எட்டிவ் கிளைச்சாலையில் இறங்குங்கள். ஒற்றை வழிச் சாலை, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே சின்ன இடம் விட்டிருப்பார்கள். அதில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். ஊர்க்காரர்கள் சுற்றுலாக்காரர்களைத் திட்டுவதே இதற்காகத்தான்.

ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சட்டப்படி வேலி போட்ட மேய்ச்சல் நிலம்வரை பொறுப்போடு நடந்து போக உரிமை உண்டு. கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். யார்க்‌ஷயரில் குறியிட்ட பாதையை விட்டு இறங்காமல் இருப்பது நல்லது.

அந்த நேரத்தில் மலைச்சரிவின் புல்லும் பெரணியும் துருப்பிடித்த சிவப்பாக இருக்கும். மழையில் நனைந்த புல்லில் வெள்ளையாக ஒரு பளபளப்பு வரும், போலரைசர் போட்டால் அது போய் நிறம் அப்படியே ஏறும். வானத்தை நீலமாக்கத்தான் போலரைசர் என்று நினைப்பவர்கள் ஒரு மழைநாளில் திருப்பிப் பார்க்கட்டும். மேகம் மலையை மூடிவிட்டால் உடனே கிளம்பாதீர்கள். அங்கே காற்று வேகம், பத்து நிமிடத்தில் மேகத்தில் ஓட்டை விழுந்து ஒரு சரிவில் மட்டும் வெயில் ஓடும். காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக் காத்திருங்கள். ட்ரைபாட் கேட்டீர்களே, அருவி எடுப்பதென்றால் இங்கே மட்டும்தான் தேவைப்படும். நீராவி ரயிலோடு கிளென்ஃபின்னன் வேண்டுமென்றால் தேதி பாருங்கள், அக்டோபரோடு அந்த ரயில் நின்றுவிடும். காலை ரயில்தான் நல்லது, போகும்போது எஞ்சின் முகம் முன்னால் இருக்கும். திரும்பும்போது வழக்கமாகப் பின்புறமாக ஓடும்.

நெல்லைக்காரி | செப்டம்பர் 15, இரவு 8:45

எல்லோருக்கும் நன்றி. பட்டியலைச் சுருக்கிவிட்டேன். லீட்ஸில் இருந்தபடி ஒரு காலை ரிபிள்ஹெட். யார்க்குக்கு அக்காவோடு சும்மா போகிறேன். அப்புறம் எடின்பரோ: காலை கால்டன் குன்று, முற்பகல் வெனல், மழை பெய்தால் ஸ்காட் நினைவுச் சின்னம், திங்கட்கிழமை திறந்தவுடன் கஃபே ராயல். கடிகாரம் மாறுவதற்கு முன்பே கால்டன் மாலையையும் ஒரு முறை வைத்திருக்கிறேன். கடைசியில் கார் எடுத்துக் கிளென்கோ, அங்கேயே இரண்டு இரவு. கிளென்ஃபின்னன் ரயில் ஓடினால் ஒரு காலை. ஸ்கை, லிவர்பூல், லண்டன் அடுத்த தடவைக்கு. ட்ரைபாட்டுக்குப் பதில் தம்பியிடமிருந்து எடை குறைந்த ஒன்றை வாங்கிக்கொள்கிறேன். எடின்பரோவிலிருந்து திரும்ப லீட்ஸுக்கு ரயில், முன்பதிவு செய்துவிட்டேன்.

பழையகல் | செப்டம்பர் 15, இரவு 9:20

நல்ல திட்டம். வேவர்லி ஸ்டேஷனுக்கு மேலேயே பால்மோரல் ஹோட்டலின் மணிக்கூண்டு தெரியும். அதைப் பார்த்து ஓடாதீர்கள். ரயிலைப் பிடிக்க வருகிறவர்கள் தவறவிடக் கூடாது என்று அதை 3 நிமிடம் வேகமாகவே வைத்திருக்கிறார்கள். அந்த 3 நிமிடத்தில் கீழே பாலத்திலிருந்து ஸ்காட் நினைவுச் சின்னத்தை இன்னொரு படம் எடுத்துவிடலாம்.